மணிக்கூண்டில் ஒரு மனிதன்

துப்பறியும் புதினத்தை இலக்கியத் திறனாய்வுக்கு உரியதாகக் கருதும் வழக்கம் நம்மிடையே குறைவு. பயணத்தில் படித்து, இறங்கும் நிலையத்தில் மறந்துவிடும் நூல்கள் என்றே அவற்றை ஒதுக்கிவிடுகிறோம். பெரும்பாலானவற்றுக்கு அது தகும். ஆனால் 1934ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த ‘தி நைன் டெய்லர்ஸ்’ என்னும் புதினத்தை அவ்வாறு ஒதுக்கிவிட முடியவில்லை. ஒரு சிற்றூர்க் கோவில், அதன் எட்டு மணிகள், அவற்றை அடிக்கும் உழவரும் தொழிலாளரும், அவர்களுடைய பங்குக்குரு ஆகியவையே அதன் உலகம். இறைவனைப் புகழ எழுப்பிய ஓசையே ஒருவனைக் கொன்றுவிட்டால் குற்றவாளி யார் என்பது அதன் கேள்வி. கேள்வி பெரியது. விடை அந்த அளவுக்குப் பெரியதா என்பதில் நமக்கு ஐயமுண்டு.

துப்பறியும் கதையின் முடிவை முன்கூட்டிச் சொல்லுதல் அறமன்று என்பர். நாம் சொல்லத்தான் போகிறோம். முடிவு தெரிந்தபின் படித்தாலும் சுவை குன்றாத மிகச் சில துப்பறியும் கதைகளுள் இது ஒன்று. இரண்டாம் வாசிப்பில்தான் இதன் முதற்பகுதி நம்மை நடுங்க வைக்கிறது.

நூலாசிரியர் டாரதி எல். சேயர்ஸ் (1893-1957). ஆங்கிலிக்கன் குரு ஒருவரின் ஒரே மகள். பிறந்தது ஆக்ஸ்ஃபர்டு நகரில் என்றாலும், தந்தையார் பணியாற்றிய கிழக்கிங்கிலாந்தின் ஃபென் நிலப்பகுதியிலே வளர்ந்தவர். கத்தோலிக்க மரபுக்கு நெருக்கமான ஆங்கிலிக்கப் பிரிவைச் சார்ந்திருந்தார். பிற்காலத்தில் துப்பறியும் கதைகளை விட்டுவிட்டு, கிறிஸ்துவின் வாழ்வை வானொலி நாடகத் தொடராக எழுதினார் (1941-42). தாந்தேயின் பெருங்காப்பியத்தை ஆங்கிலத்தில் பெயர்க்கத் தொடங்கி, நரகமும் உத்தரிப்பு மலையும் முடித்து, விண்ணகத்தின் நடுவே இறந்துபோனார். தீர்ப்பு, தண்டனை, கழுவாய் ஆகியவை அவருக்குக் கதை நடத்தும் கருவிகள் மட்டுமல்ல என்பதை நினைவிற்கொண்டே இப்புதினத்தை அணுகவேண்டும்.

ஃபென் நிலம் சதுப்பு நிலம். பதினேழாம் நூற்றாண்டில் வெர்மய்டன் என்னும் டச்சுப் பொறியாளரின் தலைமையில் கால்வாய்கள் வெட்டி, நீரை வடித்து உருவாக்கிய வயல்வெளி. பல இடங்களில் நிலம் கடல்மட்டத்துக்கும் கீழே கிடக்கிறது. குன்று என்று சொல்ல ஒன்றும் இல்லாத அந்தத் தட்டை வெளியில், பல கல் தொலைவிலிருந்து கண்ணுக்குத் தெரிவது கோவிற்கோபுரம் ஒன்றே. சிற்றூர்களுக்கு மிஞ்சிய பேராலயங்கள் அவை. மார்ச் என்னும் ஊரிலுள்ள புனித வெண்ட்ரீடா ஆலயத்தின் மரக்கூரையில், சிறகு விரித்த வானதூதர் நூற்றுக்கு மேற்பட்டோரை இன்றும் காணலாம். புதினத்தில் வரும் ஃபென்சர்ச் செயின்ட் பால் கற்பனை ஊர். அதன் கோவிலிலும் அத்தகைய கூரை உண்டு. கதையின் திருட்டு நகை அந்தத் தூதர்களிடையேதான் ஒளிந்திருக்கிறது.

நம் பங்குகளில் மணியடிப்பது கோயில்பிள்ளையின் வேலை. திருப்பலிக்கும் மூவேளைச் செபத்துக்கும் சாவுக்கும் வேறு வேறாக அடிப்பார். ஓசை கேட்டே நாம் செய்தி அறிவோம். இங்கிலாந்தில் பதினேழாம் நூற்றாண்டு தொடங்கி வளர்ந்தது வேறொரு கலை. அதனை விளங்கிக்கொள்ளாமல் இப்புதினத்தை விளங்கிக்கொள்ள இயலாது. ஆதலால் சற்று நின்று பார்ப்போம்.

அங்கே ஒவ்வொரு மணியும் ஒரு முழுச் சக்கரத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. அடிப்பதற்குமுன் மணியின் வாய் வானை நோக்கி நிறுத்தப்படும். கயிற்றை இழுத்ததும் மணி முழு வட்டமாகச் சுழன்று, ஒருமுறை ஒலித்து, மீண்டும் வாய் மேல்நோக்க வந்து நிற்கும். பல அந்தர் எடையுள்ள வெண்கலத்தை அந்த நிலையில் ஒரு கணம் கூடுதலாகத் தாங்கலாம். ஒரு கணம் முன்னதாக விடலாம். அதற்குமேல் எதுவும் இயலாது. எனவே ஒரு மணி, வரிசையில் தன் இடத்திலிருந்து அடுத்த சுற்றில் ஓரிடம் முன்னோ பின்னோ நகரமுடியும். அல்லது நின்ற இடத்திலே நிற்கமுடியும். இசைப்பண் எழுப்ப வழியில்லை. வழியில்லாத அந்த இடத்திலேதான் ஆங்கிலேயர் ஒரு கலையைக் கண்டார்கள்: மணிகளின் வரிசையைச் சுற்றுக்குச் சுற்று மாற்றிக்கொண்டே போவது, ஒருமுறை ஒலித்த வரிசை மறுமுறை வராமற் காப்பது. மூன்று மணிகளுக்கு ஆறு வரிசைகள். ஏழு மணிகளுக்கு 5,040. எட்டு மணிகளுக்கு 40,320. இந்த எட்டு மணிக் கணக்கை முழுதாக அடித்துத் தீர்த்தது 1963இல், லஃப்பரோ நகர மணிவார்ப்புச் சாலையில். எட்டுப் பேர், மாற்றாள் இன்றி, ஏறத்தாழ 18 மணிநேரம் நின்று அடித்தார்கள். தாளைப் பார்த்து அடிக்கும் வழக்கமில்லை. எல்லாம் நினைவிலிருந்தே வரவேண்டும். 1668இலும் 1677இலும் இக்கலைக்கு நூல்கள் அச்சேறின. இரண்டிலும் ஃபேபியன் ஸ்டெட்மன் என்னும் அச்சகத்தாருக்குப் பங்குண்டு. 5,040 வரிசையும் பிழையின்றி அடித்ததாகப் பதிவான முதல் நிகழ்ச்சி 1715ஆம் ஆண்டு மே மாதம் நாரிச் நகரின் புனித பீட்டர் மான்கிராஃப்ட் ஆலயத்தில் நடந்தது.

இதில் வழிபாடு எங்கே என்று வாசகர் கேட்கலாம். அவர்களும் அதைக் கேட்டுக்கொண்டதுண்டு. கத்தோலிக்க இங்கிலாந்தில் மணி, மன்றாட்டின் குரலாயிருந்தது. மணியை ஆயர் மந்திரித்தார். அதற்குப் புனிதரின் பெயர் சூட்டப்பட்டது. இறந்தோரின் ஆன்மாக்களுக்காக அது ஒலித்தது. சீர்திருத்தக் காலத்தில் மடங்களின் மணிகள் பல உருக்கப்பட்டன. அனைத்துப் புனிதர் பெருவிழா இரவில் இறந்தோருக்காக மணியடிப்பதை எலிசபெத் அரசியின் காலத்து ஆயர்கள் தடைசெய்தார்கள். ஆயினும் மணியை முற்றிலும் வாயடைக்க அவர்களாலும் முடியவில்லை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுக்கப்பட்ட ஆங்கிலிக்கத் திருச்சபைச் சட்டம், ஒருவர் உயிர் பிரியும் வேளையில் மணி ஒலிக்கவேண்டும் என்றே விதித்தது. உத்தரிக்கும் தலத்தை மறுத்தவர்கள், அதற்காக எழுந்த ஓசையை வைத்துக்கொண்டார்கள்! மன்றாட்டு போய்விட்டது, மணி இருந்தது. பொருள் இழந்த ஓசையில் காலப்போக்கில் கணக்கு குடியேறியது என்று சொன்னால் சற்று மிகையாகலாம்; முற்றிலும் பொய்யாகாது.

மணியடிப்போர் மெல்ல மெல்லத் தனிக் கூட்டமானார்கள். கோபுரத்தில் மதுச்சாடி வைத்துக் குடித்தார்கள், பந்தயம் கட்டினார்கள், அடித்து முடித்ததும் வழிபாட்டுக்கு நில்லாமல் இறங்கிப் போனார்கள். தொப்பியோடு அடித்தால் இவ்வளவு, சபித்துப் பேசினால் இவ்வளவு என்று அபராதம் குறித்த பலகைகள் பழைய கோபுரங்களில் தொங்குகின்றன. 19ஆம் நூற்றாண்டில் எலகோம் என்னும் குரு, மணியடிப்போரின் அட்டகாசம் பொறுக்காமல், எல்லா மணிகளையும் ஒரே ஆள் தட்டுவதற்கு ஒரு கருவியே அமைத்துவிட்டார். பின்னர்ச் சீர்திருத்தம் வந்தது. 1891இல் மணியடிப்போருக்கு ஒரு மைய மன்றமும் அமைந்தது. இருந்தாலும், கீழே செபிப்போருக்கும் கோபுரத்தில் அடிப்போருக்கும் இடையே உள்ள அந்தப் படிக்கட்டு நீளமானதே. சேயர்ஸ் தம் கதையை நிறுத்தியிருப்பது அந்தப் படிக்கட்டின்மேல்தான்.

கதை இது. ஆண்டின் கடைசி நாள் மாலை, பனி கொட்டுகிறது. துப்பறியும் பீட்டர் விம்ஸி பிரபுவின் கார், ஊர் எல்லையில் பள்ளத்தில் இறங்கிவிடுகிறது. பங்குக்குரு வெனபிள்ஸ் அவரை வரவேற்றுத் தம் இல்லத்தில் தங்கவைக்கிறார். புத்தாண்டை எதிர்கொள்ள நள்ளிரவு முதல் ஒன்பது மணிநேரம், 15,840 வரிசை, எட்டு மணிகளையும் அடிப்பதென்பது அந்த நல்ல குருவின் ஆசை. இரண்டாம் மணிக்குரிய வில் தோடே காய்ச்சலில் படுத்துவிடுகிறான். விம்ஸிக்கு அக்கலை தெரியும். அவர் இடத்தை நிரப்புகிறார். இரவெல்லாம் மணிகள் முழங்குகின்றன; விடிந்ததும் எல்லாரும் களைத்து மகிழ்கிறார்கள். அவ்வளவே முதற்பகுதி.

சில மாதங்கள் கழித்து, புதுவருடத்தில் இறந்த பெண்மணி ஒருவரின் கல்லறையைக் கணவருக்காகத் திறக்கும்போது, உள்ளே முகமும் கைகளும் சிதைக்கப்பட்ட ஓர் ஆணின் உடல் கிடக்கிறது. அவன் ஜெஃப்ரி டீக்கன். முன்பு அவ்வூரில் நகை திருடிச் சிறைசென்று தப்பியவன். இறந்துவிட்டதாக எல்லாராலும் நம்பப்பட்டவன். அவன் மனைவி மேரி தன்னைக் கைம்பெண்ணென நம்பி வில் தோடேயை மணந்து மக்களையும் பெற்றிருக்கிறாள். ஒளித்துவைத்த நகையைத் தேடி இரவில் கோவிலுக்குள் வந்தவனை வில் பிடித்துவிட்டான். உயிரோடிருக்கிறான் என்று தெரிந்தால் மேரியின் மணவாழ்வு பொய்யாகிவிடும். பணம் கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பிவிடும் எண்ணத்தில், அவனை மணிக்கூண்டில், மணிகளுக்கு அருகே, கட்டிவைத்தான். அடுத்த நாள் காய்ச்சல் வில்லை வீழ்த்தியது. கட்டுண்டவன் கட்டுண்டபடியே இருந்தான். நள்ளிரவில் மணிகள் எழுந்தன.

வில்லின் தம்பி ஜிம் பிணத்தைக் கண்டு, அண்ணன் கொன்றானென எண்ணி, ஊரறியாமல் புதைக்கிறான். பின்னர் வில், தம்பி கொன்றானென எண்ணுகிறான். ஒருவரையொருவர் காக்க இருவரும் ஊமையாகிறார்கள். இந்தச் சகோதரச் சந்தேகம் நூலின் மிக நுட்பமான பகுதி. நாடகத்தன்மை இன்றி எழுதப்பட்டிருக்கிறது. எப்படி இறந்தான் என்பதை மட்டும் எவரும் கண்டுபிடிக்க முடியவில்லை. மறு ஆண்டு வெள்ள அபாயத்தில் ஊரை எழுப்ப மணிகள் அடிக்கப்படும்போது, விம்ஸி கோபுரத்தில் ஏறுகிறார். கூண்டுக்குள் அந்த ஓசை தலையைப் பிளக்கிறது. நிற்க இயலாமல் தடுமாறித் தப்பி மேலேறுகிறார். அப்போதுதான் அவருக்கு விளங்குகிறது: டீக்கனைக் கொன்றவை மணிகள், அவற்றுள் ஒன்றன் கயிறு தம் கையில் இருந்தது.

அமெரிக்கத் திறனாய்வாளர் எட்மண்ட் வில்சன் 1945இல் எழுதிய கட்டுரையில் இந்நூலைச் சலிப்பின் எல்லை என்பதுபோலக் கடிந்தார். மணியடிக்கும் முறை பற்றிய பக்கங்கள் கலைக்களஞ்சியக் கட்டுரைபோல் இருப்பதாகவும் பலவற்றைத் தாண்டிச் சென்றதாகவும் ஒப்புக்கொண்டார். மதிப்புக்குரிய அறிஞர், ஆயினும் இங்கே அவர் வழுக்கிவிட்டார் என்பதே நம் எண்ணம். மணிகளைத் தாண்டிச் சென்றவர் கொலைக் கருவியைத் தாண்டிச் சென்றவரல்லரோ? அந்த நீண்ட, இன்பமான, வெளித்தோற்றத்துக்கு நிகழ்ச்சியற்ற இரவைப் பொறுமையாகக் கேட்ட வாசகனும் அந்தக் கயிறுகளுள் ஒன்றைப் பிடித்தவனாகிறான். நாமும் வெனபிள்ஸ் அடிகளோடு மகிழ்ந்தோம், ஒருவன் செத்துக்கொண்டிருந்தான். துப்பறியும் கதையின் மரபே குற்றத்தை நம்மிடமிருந்து அகற்றி, ஒரு தனியாளின் தலையில் ஏற்றி, நம்மைத் தூயவராக வீட்டுக்கு அனுப்புவது. சேயர்ஸ் அந்த மரபைத் தலைகீழாக்குகிறார். துப்பறிபவரே கொன்றவர்களுள் ஒருவர். கோவிலின் மகிழ்ச்சியே ஆயுதம்.

நூலில் சலிப்பு இல்லை என்று சொல்லமாட்டோம். பிரான்சு நாட்டுக்குச் சென்று விசாரிக்கும் பகுதி நீளம். மணிவரிசையைக் கொண்டு அமைத்த மறைகுறியீடு, திருப்பாடல்களைச் சுட்டி நகையிருக்கும் இடத்தைக் காட்டுவது அழகிய விளையாட்டுதான்; ஆனால் விளையாட்டு. ஓசையால் மட்டுமே ஒரு மனிதன் இறப்பானா என்று மருத்துவர்கள் கேட்பார்கள், கேட்கட்டும். ஆசிரியர் கயிறு பிடித்துக் கற்றவரல்லர். நூல்வழிக் கற்று, வரிசைகளைத் தாள்தாளாக எழுதிப் பழகியவர். கைப்பழக்கம் உள்ளோர் குறைகள் கண்டார்கள். இவை எல்லாம் சிறு குறைகளே.

நம் மனம் ஒப்பாதது வேறொன்று. உண்மை வெளிப்பட்டபின், இறைவனே அம்மணிகளின் வழியாக நீதி செலுத்தியிருக்கலாம் என்ற பொருள்படப் பங்குக்குரு பேசுகிறார். பழங்காலத்து மணியொன்று முன்பே ஆள் கொன்றது என்ற ஊர்ப்பேச்சும் அதற்குத் துணைநிற்கிறது. வில் தோடே, வெள்ளத்தில் இன்னொருவரைக் காப்பாற்றப் பாய்ந்து உயிர்விடுகிறான். கெட்டவன் செத்தான், கட்டியவன் கழுவாய் செலுத்தினான், கணக்கு தீர்ந்தது. இந்தத் தீர்வில் ஒரு வேகம் இருக்கிறது. அந்த வேகத்தைத்தான் நாம் ஐயுறுகிறோம்.

டீக்கன் திருடன், கொலைகாரன், மனைவியைக் கைவிட்டவன். ஆகவே அவன் சாவு வாசகனுக்கு உறுத்துவதில்லை. அவனிடத்தில், பனிக்கு ஒதுங்கிய ஓர் ஏழை இருந்திருந்தால்? அதே எட்டுப் பேர், அதே கயிறுகள், அதே 15,840 வரிசைகள். அப்போதும் மணிகள் இறைவனின் வாயென்று வெனபிள்ஸ் சொல்வாரா? சொல்லமாட்டார். ஆகவே அவர் கண்ட நீதி, மணிகளில் இல்லை. இறந்தவன் எப்படிப்பட்டவன் என்பதில் இருக்கிறது. இறந்தவனின் தீமையைச் சாட்சியாக வைத்து அவன் சாவை நியாயப்படுத்துவது நாம் எல்லாரும் அன்றாடம் செய்வதே. ஒரு குருவின் வாயில், அதுவும் தாந்தேயை மொழிபெயர்க்கப்போகும் எழுத்தாளர் படைத்த குருவின் வாயில், அது எளிதாக வந்துவிடுவதைத்தான் நம்மால் ஏற்க இயலவில்லை. கடைசிக் கணத்தில் மனந்திரும்பியவனை, ஒரு துளிக் கண்ணீருக்காக உத்தரிப்பு மலையில் சேர்த்தவர் தாந்தே. அந்த ஒன்பது மணிநேரத்தில் டீக்கனின் உள்ளத்தில் என்ன நிகழ்ந்தது என்று இந்நூல் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

மணியடித்தவர்களுக்குப் பாவம் உண்டா? இல்லை. வெல்ல இயலாத அறியாமை என்று நம் அறநெறி நூல்கள் கூறுவது இதையே. ஆனால் பாவம் இல்லையென்பதால் துயரமும் இல்லையென்றாகுமோ? எட்டுக் கயிறுகளைப் பிடித்தவர்களுள் விம்ஸி ஒருவரே உண்மையின் கனத்தைத் தம்மேல் உணர்கிறார். எஞ்சிய எழுவர் அதை அறிந்து நிற்கும் காட்சி, நெஞ்சில் நிற்கும்படி எங்கும் தீட்டப்படவில்லை. நேற்றுவரை பெருமையாயிருந்த ஓர் இரவு இன்று என்னவாகிறது, அடுத்த ஞாயிறு அந்தக் கைகள் அதே கயிற்றை எப்படித் தொடும், வெனபிள்ஸ் அடிகள் அன்று எதைப் பற்றி மறையுரை ஆற்றுவார் என்றெல்லாம் காட்டியிருந்தால் அதுவன்றோ பங்கு வாழ்வைப் பற்றிய மாபெரும் புதினம்! ஆமோஸ் இறைவாக்கினர் வழிபாட்டு ஆரவாரத்தை இறைவன் வெறுத்ததாகக் கூறியது தீய நெஞ்சினரை நோக்கி. இங்கே நெஞ்சம் நல்லது; ஓசையும் நல்லது; ஆயினும் மேலே ஒருவன் கட்டுண்டு கிடக்கிறான். எரிகோ சாலையில் விலகிப்போன குருவும் லேவியரும் அடிபட்டவனைக் கண்டாவது சென்றார்கள். இவர்கள் காணவே இல்லை. இந்தப் புதிய வகைக் குருட்டுத்தன்மையைத் தொட்ட பெருமை சேயர்ஸுக்கு உண்டு. தொட்டதும் கையை இழுத்துக்கொண்டார்.

இழுத்துக்கொண்டு அவர் தரும் வெள்ளக் காட்சி மட்டும் ஒப்பற்றது. மதகு உடைகிறது, வயல்களும் வீடுகளும் மூழ்குகின்றன. மணிகள் ஊரை எழுப்புகின்றன. உயர்ந்த தரையில் நிற்கும் கோவிலுக்குள் ஊர் முழுவதும் வந்து சேர்கிறது. பதினான்கு நாள் இரவும் பகலும் அங்கேதான் உணவு, உறக்கம், வழிபாடு. உலக விவகாரம் தெரியாத பேதை என்று நாம் புன்னகைத்த வெனபிள்ஸ், எந்தக் குடும்பத்துக்கு எந்த மூலை, கஞ்சி எங்கே காய்ச்சுவது என்பதையெல்லாம் முன்பே எழுதிவைத்திருக்கிறார். அவருடைய குருத்துவத்தை நாம் நம்பத் தொடங்குவது இங்கேதான். இறைநீதி பற்றி அவர் உரைக்கும்போது அல்ல. நூல் வெளிவந்து ஆறாண்டுகளில், 1940 சூன் மாதத்தில், இங்கிலாந்தின் கோவில் மணிகள் அனைத்தும் அரசாணையால் மௌனமாயின. எதிரி நாட்டில் இறங்கினால் மட்டுமே அடிக்கவேண்டும் என்பது ஆணை, 1943இல்தான் நீக்கப்பட்டது. ஆபத்துக் குரலாக மட்டுமே மணி எஞ்சிய நிலையைச் சேயர்ஸ் கதையில் முன்பே எழுதியிருந்தார்.

இறுதியாகத் தலைப்பைப் பற்றி ஒரு சொல். இதனைத் தமிழாக்க முனைவோர் ‘ஒன்பது தையற்காரர்’ என்று பெயர்த்துவிடக் கூடாது. இறப்பை அறிவிக்கும் அடிகளே இங்கே ‘டெய்லர்’ எனப்படுகின்றன. செய்தி சொல்வது என்று பொருள்படும் வேறொரு சொல்லின் திரிபு அது என்பர். அவ்வூரில் ஆண் இறந்தால் ஒன்பது அடி, பெண் இறந்தால் ஆறு. பின்னர் வயதின் எண்ணிக்கைப்படி அடிகள். அப்பணிக்குரியது ‘டெய்லர் பால்’ என்னும் பெருமணி. அதற்கு அடுத்த மணியின் பெயர் ‘பாட்டி தாமஸ்’. பழைய மடாதிபதி தாமசின் பெயர் ஊரார் நாவில் உருமாறியது அது. மடம் அழிந்தது, மடாதிபதி மறக்கப்பட்டார், மணி அடித்துக்கொண்டிருக்கிறது. டீக்கன் இறந்த இரவில் ‘டெய்லர் பால்’ ஆயிரக்கணக்கான முறை ஒலித்தது. அவனுக்குரிய ஒன்பது அடிகளை மட்டும் அப்போது எவரும் எண்ணவில்லை. நம்மைக் கேட்டால், ‘ஒன்பது அடி’ என்றே பெயரிடலாம் என்போம். அடி என்ற சொல்லில் மணியும் உண்டு, வலியும் உண்டு. ஆங்கிலத் தலைப்புக்கு இந்த வசதி வாய்க்கவில்லை.